தகடு எழுதும் வேகமும் சூளைக்காரரின் நிதானமும்



மங்களூர் என்றதும் கன்னடக் கடற்கரைப் பட்டணத்தை நினைத்துவிட வேண்டாம். இங்கே குறிப்பிடுவது, கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்கு மேற்கே, ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக விளங்கும் நம் மங்களூரை. இந்த வட்டாரத்து முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில், பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ, ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே ஆடியோ கேசட்டுகள். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன அத்தாமார்கள், தொலைபேசிக் கட்டணம் கட்டுப்படியாகாத அந்நாள்களில், கடிதத்துக்குப் பதிலாகத் தம் குரலையே பதிவு செய்து ஊருக்குத் திரும்புவோரிடம் கொடுத்தனுப்பிய கேசட்டுகள் அவை. அவற்றின் பக்கத்திலேயே நிக்காஹ் வீடியோ கேசட் ஒன்று, நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பாடல்கள் இரண்டு மூன்று. ஹனீபா அவர்களின் பாடல்கள் கடையிலும் கிடைக்கும், கைப்பேசியிலும் கேட்கும். ஆனால் அத்தாவின் குரல் உலகத்தில் அந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கிறது.

இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் குறுந்தகடுகளில் எழுதிவைக்க முனைந்திருப்பது பாராட்டத் தக்கது. அவர்களிடமிருந்து எழும் கேள்வி ஒன்று உண்டு: “எங்கள் டி.வி.டி. ரைட்டர் மிக மெதுவாக எழுதுகிறது. அதன் ஃபர்ம்வேரை மாற்றினால் வேகம் கூடும் என்கிறார்கள். மாற்றலாமா?”

கேள்வி நியாயமானதே. ஆனால் விடை, ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் அடங்குவதன்று. ஃபர்ம்வேர் என்பது யாது, அது வேகத்தோடு எவ்வாறு தொடர்புடையது, அந்த வேகம் நமக்குத் தேவைதானா என்று படிப்படியாகப் பார்ப்போம்.

தகட்டில் எழுதுவது எப்படி?

தகட்டில் பதிவு செய்வதை ‘பர்ன்’ செய்வது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அது வெறும் பேச்சு வழக்கு அன்று. உண்மையிலேயே அங்கே சூடுதான் வேலை செய்கிறது. எழுதத் தக்க குறுந்தகட்டில் பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கின்மேல் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று உள்ளது. அதற்கும்மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் உலோகப் பூச்சு. பிளாஸ்டிக்கில் சுருள்சுருளாக ஒரு நுண்ணிய தடம் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். 80 நிமிடத் தகட்டில் அத்தடத்தை நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தே முக்கால் கிலோமீட்டர் வரும்! எழுதும் கருவி லேசர் கதிரை அத்தடத்தில் பாய்ச்சிச் சாயத்தைச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும். சுடாத இடம் மிகுதியாகத் திருப்பும். இந்த வேற்றுமையே பின்னர் குரலாகவும் படமாகவும் எழுத்தாகவும் படிக்கப்படுகிறது. இவ்வாறு சுடப்படும் குறிகளில் மிகச் சிறியதன் நீளம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கினும் குறைவு.

இனி வேகத்தின் கணக்கு. குறுந்தகட்டில் ஒரு மடங்கு வேகம் என்பது, நொடிக்கு 150 கிலோபைட் தகவலை எழுதுவது. அந்த வேகத்தில் ஒரு முழுத் தகட்டை நிரப்ப 80 நிமிடம் ஆகும். டி.வி.டி.யில் ஒரு மடங்கு என்பது நொடிக்கு ஏறக்குறைய 1.385 மெகாபைட், அதாவது குறுந்தகட்டின் ஒரு மடங்கைப் போல ஒன்பது பங்கு. பெட்டியின் மேல் 52 எக்ஸ், 16 எக்ஸ் என்று அச்சிட்டிருப்பது இந்த மடங்குகளையே குறிக்கும். 52 மடங்கில் குறுந்தகடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றை ஒட்டிச் சுழல்கிறது. அப்போது தகட்டின் வெளி விளிம்பு லேசரின் அடியில் மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அவ்வேகத்தில் ஓடும் பரப்பின்மீது, மேற்சொன்ன அந்த நுண்ணிய குறிகளைப் பிசகாமல் சுட வேண்டும். எத்துணை நுட்பமான வேலை என்பதை எண்ணிப் பாருங்கள்!

மண்ணுக்கு ஒரு சூடு, தகட்டுக்கு ஒரு சூடு

நம் வட்டாரத்தவருக்கு இதை விளக்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டைச் சூளையண்டை சென்று நின்றால் போதும். நெய்வேலி நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண்ணும் அதனோடு சேரும் பிற பொருள்களும் அங்கே பியூஸ் கேரியராகவும் பொம்மையாகவும் மாறுகின்றன. எல்லா மண்ணுக்கும் ஒரே சூடு ஆகாது என்பதைச் சூளைக்காரர் அறிவார். அகல் விளக்கும் பூந்தொட்டியும் ஆயிரம் பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் வெந்துவிடும். மின்சாரத்தைத் தாங்கும் பீங்கானுக்கு 1200 பாகைக்கு மேல் வேண்டும். எவ்வளவு சூடு என்பது மட்டுமன்று, எவ்வளவு விரைவாக ஏற்றுவது என்பதும் முக்கியம். களிமண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 573 பாகையில் திடீரெனப் பருமன் மாறும். அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தால் பாண்டம் விரிசல் கண்டுவிடும். விரிசல் சில சமயம் கண்ணுக்குத் தெரியாது; பாண்டத்தைத் தட்டிப் பார்க்கும்போது எழும் ஓசையிலேதான் தெரியும்.

தகட்டிலும் அவ்வாறே. சாயங்கள் பலவகை. சயனின் என்பது ஒன்று. தாலோசயனின் என்பது மற்றொன்று. அசோ என்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் லேசரின் வலு வேறு. அது விட்டுவிட்டுப் பாய வேண்டிய கால அளவு வேறு. தாங்கக்கூடிய வேகம் வேறு. இந்தத் தகட்டுக்கு இந்த வேகத்தில் லேசரை இப்படிச் செலுத்து என்று கட்டளையிடும் விவரத்தை ‘எழுதும் முறை’ எனலாம். சூளைக்காரர் மனத்தில் ஏற்றிவைத்திருக்கும் சூட்டுக் கணக்கு எதுவோ, எழுதும் கருவிக்கு இந்த எழுதும் முறை அதுவே.

கருவியின் மனப்பாடமே ஃபர்ம்வேர்

அப்படியாயின் அந்தக் கணக்கு கருவிக்குள் எங்கே இருக்கிறது? கருவியின் உள்ளே ஒரு சில்லில், மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில், பதிந்திருக்கும் மென்பொருளில் இருக்கிறது. அதுவே ஃபர்ம்வேர். கம்ப்யூட்டரில் நாம் போட்டு எடுக்கும் மென்பொருளைப் போலன்றி, இது கருவியோடு ஒட்டிப் பிறந்தது. கருவியின் மனப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தக்க ஒவ்வொரு தகட்டின் தடத்திலும் அதைத் தயாரித்தவர் யார், எவ்வகையைச் சேர்ந்தது என்னும் குறியீடு முன்கூட்டியே பதிந்திருக்கும். தகட்டை உள்ளே தள்ளியவுடன் கருவி முதலில் அக்குறியீட்டைப் படிக்கிறது; தன் மனப்பாடத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. பெயர் இருந்தால், அதற்குரிய எழுதும் முறையை எடுத்துக்கொள்கிறது. பிறகு தகட்டின் உட்புற ஓரத்தில், இதற்கெனவே ஒதுக்கிய சிறிய இடத்தில் லேசரைச் சோதித்து வலுவைச் சரிசெய்துகொள்கிறது. அதன் பின்னரே எழுதத் தொடங்குகிறது.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அறிமுகம் இல்லாத மண்ணைக் கையில் எடுத்த சூளைக்காரரைப் போல, கருவி பொதுவான ஒரு முறையைக் கையாண்டு மெதுவாக எழுதும். 16 மடங்கு என்று அச்சிட்ட டி.வி.டி.யைக் கருவி நான்கு மடங்கில் எழுதுவதற்கும், சில சமயம் பாதியில் கெடுத்துவிடுவதற்கும் இது ஒரு காரணம். கருவியைத் தயாரித்த ஆண்டுக்குப் பிறகு சந்தைக்கு வந்த தகடுகளை அது அறிந்திருக்க வழியில்லை அல்லவா?

ஃபர்ம்வேர் புதுப்பிப்பால் வேகம் கூடும் என்பதன் உட்பொருள் இதுவே. தயாரிப்பாளர் புதிய தகடுகளின் குறியீடுகளையும் அவற்றுக்கேற்ற எழுதும் முறைகளையும் பட்டியலில் சேர்த்து வெளியிடுகிறார். அதை ஏற்றிக்கொண்ட கருவி, நேற்று வரை அறியாத தகட்டை இன்று அறிந்துகொள்கிறது. துணிந்து விரைவாக எழுதுகிறது. இயந்திரத்தின் மோட்டாரோ லேசரோ மாறுவதில்லை. மாறுவது அறிவு மட்டுமே.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் தகடுகள் மலைபோல் உற்பத்தியாயின. 1983-இல் தொடங்கப்பட்ட மோசர் பேயர் நிறுவனம், முதலில் பிளாப்பி டிஸ்குகளையும் பின்னர் எழுதத் தக்க குறுந்தகடுகளையும் டி.வி.டி.களையும் தயாரித்து, உலகின் பெரிய தகட்டுத் தயாரிப்பாளர்களுள் ஒன்றாக விளங்கிற்று. திரைப்படத் தகடுகளை 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் அது விற்கத் தொடங்கியபோது, திருட்டு வி.சி.டி.யின் விலையோடே போட்டியிட்டது நினைவிருக்கலாம். பின்னர்ப் பென் டிரைவும் இணையமும் வந்து தகட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2018-இல் அந்நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. இவ்வாறு தயாரிப்பாளர்கள் மறைந்து, தகடுகளின் வரவு குறைந்துவரும் நாளில், கிடைத்த தகட்டைக் கருவி அறிந்திருக்கிறதா என்ற கேள்விக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

எழுதியிருக்கும் மடங்கும் கிடைக்கும் மடங்கும்

பெட்டியில் அச்சிட்டிருக்கும் மடங்கு, தகட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை கிடைப்பதன்று. வேகமாக எழுதும் கருவிகள் தகட்டை ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுகின்றன. தகட்டின் உட்பகுதியில் வட்டம் சிறியது, வெளிப்பகுதியில் பெரியது. ஆகவே 52 மடங்கு என்னும் கருவி, உட்பகுதியில் இருபது மடங்கைச் சற்றே தாண்டித் தொடங்கி, வெளி விளிம்பை எட்டும்போதுதான் 52-ஐத் தொடும். இதனால் 40 மடங்குக் கருவிக்கும் 52 மடங்குக் கருவிக்கும் ஒரு முழுத் தகட்டில் உள்ள வேறுபாடு ஒரு நிமிடத்திற்கும் குறைவே. டி.வி.டி.யில் எட்டு மடங்கில் எழுத எட்டு நிமிடத்தை ஒட்டியும், பதினாறு மடங்கில் ஆறு நிமிடத்தை ஒட்டியும் ஆகும். இரண்டு நிமிட மிச்சம்!

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அத்தாவின் குரல் இருக்கும் கேசட் அறுபது நிமிடம் ஓடுவது என்றால், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கும் அறுபது நிமிடம் முழுமையாக ஓட வேண்டும். வேறு குறுக்கு வழி நம் வீடுகளில் இல்லை. நிக்காஹ் வீடியோ மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம். இவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, கடைசியில் தகட்டில் எழுதும்போது இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்த ஒரு கருவியின் உயிரையே பணயம் வைப்பது அறிவுடைமை ஆகுமா?

பணயம் என்ற சொல்லை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

இரண்டு நிகழ்ச்சிகள், இரண்டு படிப்பினைகள்

முதலாவது, 2002-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது. பயனியர் நிறுவனத்தின் தொடக்ககால டி.வி.டி. எழுதிகள் பல கம்ப்யூட்டர்களில் இடம்பெற்றிருந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களும் அவற்றுள் அடங்கும். அவ்வேளையில் நான்கு மடங்கு வேகத்தில் எழுதத் தக்க புதிய டி.வி.டி.கள் சந்தைக்கு வந்தன. பழைய ஃபர்ம்வேரைக் கொண்ட எழுதியில் அப்புதிய தகட்டைப் போட்டு எழுதினால், தகடு கெடுவதோடு நில்லாமல் கருவியே நிரந்தரமாகப் பழுதாகலாம் என்று கண்டறியப்பட்டது. இரு நிறுவனங்களும் வாடிக்கையாளர்களை எச்சரித்துப் புதிய ஃபர்ம்வேரை வெளியிட்டன. அந்தப் புதுப்பிப்பை ஏற்றியதால் பழைய கருவிக்கு நான்கு மடங்கு வேகம் வந்துவிடவில்லை. அறியாத தகட்டைப் பாதுகாப்பாகக் கையாளும் அறிவே வந்தது. ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வேகத்துக்காக மட்டும் அன்று, காப்புக்காகவும்தான் என்பது இதில் கிடைக்கும் படிப்பினை.

இரண்டாவது, 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்தது. மாண்ட்ரேக் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் 9.2 பதிப்பை நிறுவியவர்கள் சிலருடைய எல்.ஜி. சி.டி.ராம் கருவிகள் திடீரென்று உயிரிழந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது வியப்பான செய்தி வெளிப்பட்டது. ‘இடைநினைவகத்தை வெளியேற்று’ என்னும் சாதாரணக் கட்டளை ஒன்றை இயங்குதளம் அனுப்பியிருக்கிறது. ஆனால் அந்தக் கருவிகளில் சில மாதிரிகள் அதே கட்டளையை ‘உன் ஃபர்ம்வேரை மாற்றிக்கொள்’ என்று பொருள்கொள்ளுமாறு வடிவமைக்கப்பட்டிருந்தன. மாற்றுவதற்கு எதுவும் வராத நிலையில், இருந்த மனப்பாடமும் அழிந்து கருவி ஊமையாயிற்று. மோட்டார் கெடவில்லை, லேசர் கெடவில்லை, ஒரு கீறலும் இல்லை. ஆயினும் கருவி செத்துவிட்டது. ஃபர்ம்வேரில் கைவைப்பது எத்துணை நுட்பமான சிகிச்சை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவை தவிர, ஆர்வலர்களின் விளையாட்டு ஒன்றும் உண்டு. ஒரே உறுப்புகளைக் கொண்ட கருவியைத் தயாரிப்பாளர் சில சமயம் இருவேறு வேகங்களில் விற்பதுண்டு. லைட்-ஆன் நிறுவனத்தின் 40 மடங்கு எழுதியில் 48 மடங்கு எழுதியின் ஃபர்ம்வேரை ஏற்றி வேகத்தைக் கூட்டிக்கொண்டவர்கள் அக்காலத்தில் பலர். வெற்றி பெற்றவர்களின் பெருமிதப் பேச்சே நம் காதில் விழும். கருவியை இழந்தவர்கள் அதைப் பறைசாற்றுவதில்லை. இவ்வாறு வேறொரு மாதிரியின் ஃபர்ம்வேரை ஏற்றினால் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் போய்விடும். குடும்பத்தின் ஒரே எழுதியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மெதுவாக எழுதுவதற்கு வேறு காரணங்கள்

ஃபர்ம்வேரைத் தொடுவதற்கு முன், தாமதம் வேறெங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள். தலைவலிக்கு மூக்குக் கண்ணாடி காரணமாக இருக்கும்போது மருந்து தின்று பயன் என்ன?

வெளியே இணைக்கும் எழுதியாயின், கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. இணைப்பு மிகப் பழைய வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். அந்த முதல் வகை இணைப்பு நொடிக்கு ஒன்றரை மெகாபைட்டுக்கு மேல் கொடுக்காது. டி.வி.டி.யின் ஒரு மடங்கையே அது தட்டுத் தடுமாறித்தான் எட்டும். பழைய கம்ப்யூட்டரில் உள்ளே பொருத்திய எழுதியாயின், பட்டை கேபிள் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்.பி. போன்ற பழைய இயங்குதளங்கள், எழுதியோடு பேசும்போது பிழைகள் மீண்டும் மீண்டும் நேர்ந்தால், தாமாகவே மிக மெதுவான முறைக்கு இறங்கிவிடும். பிறகு தாமாக ஏறி வாரா. லேப்டாப்பில் இருக்கும் மெல்லிய எழுதிகளோ டி.வி.டி.யை எட்டு மடங்குக்கு மேல் எழுதுவதற்காக அமைந்தவையே அல்ல. அவற்றுக்கு எந்த ஃபர்ம்வேரும் பதினாறு மடங்கைத் தந்துவிடாது. லேசரின் கண்ணாடியில் தூசு படிந்திருந்தாலும் கருவி தயங்கித் தயங்கி எழுதும். சிமெண்டுத் தூசும் செம்மண் தூசும் பறக்கும் நம் ஊர்களில் இது சாதாரணம்.

மாற்றியே தீரவேண்டும் என்றால்

இவையெல்லாம் சரியாக இருந்தும், கருவி குறிப்பிட்ட தகடுகளை மட்டும் ஏற்க மறுக்கிறது என்றால், அப்போது புதுப்பிப்பைப் பற்றி எண்ணலாம். அதற்கான ஒழுங்குகள் இவை.

முதலில் கருவியின் மாதிரி எண்ணையும் இப்போதுள்ள ஃபர்ம்வேர்ப் பதிப்பின் எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நீரோ, இம்ஜ்பர்ன் போன்ற எழுதும் மென்பொருள்களே இவற்றைக் காட்டிவிடும். மாதிரி எண்ணில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் அது வேறு கருவி. அதன் ஃபர்ம்வேர் உங்களுக்கு ஆகாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் கோப்பை எடுங்கள். பழைய கருவிகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் புதிய பதிப்பு வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில் யார் யாரோ கோப்புகளை வைத்திருப்பார்கள். அவற்றில் நோய்க்கிருமி இருப்பதும் உண்டு. தயாரிப்பாளரிடம் இல்லையென்றால், இல்லை என்றே விட்டுவிடுங்கள்.

அடுத்து, தட்டில் தகடு எதுவும் இருத்தல் ஆகாது. மற்ற மென்பொருள்கள் யாவற்றையும் மூடுங்கள். எல்லாவற்றினும் முக்கியமானது மின்சாரம். பழைய மனப்பாடத்தை அழித்துப் புதியதை எழுதும் அந்த ஓரிரு நிமிடத்தில் மின்சாரம் போய்விட்டால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை, கருவி ஊமைதான். 2008-க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாடு பட்ட மின்வெட்டுத் துன்பத்தை யாரும் மறந்திருக்க முடியாது. இன்று நிலைமை சீர்பட்டிருந்தாலும், காற்று மழைக் காலத்தில் கிராமத்து லைனை நம்பி இவ்வேலையில் இறங்கலாகாது. யு.பி.எஸ். இருந்தால் செய்யுங்கள், லேப்டாப்பாயின் பேட்டரியை நிரப்பிவிட்டு, மின் இணைப்பையும் போட்டுச் செய்யுங்கள். தொடங்கிய பின் ‘நின்றுவிட்டதோ’ என்று பதறிப் பொத்தானைத் தட்டாதீர்கள். முடிந்ததும் கம்ப்யூட்டரை முழுமையாக அணைத்துத் திரும்ப இயக்குங்கள்.

எழுதினால் போதாது, ஒப்புவிக்க வேண்டும்

மதரஸாவில் பிள்ளை பாடத்தை எவ்வளவு விரைவாக மனனம் செய்தான் என்று எந்த ஆசிரியரும் கேட்பதில்லை. ஒப்புவி என்றுதான் சொல்கிறார். ஒப்புவிக்கும்போதுதான் எங்கே தவறியிருக்கிறது என்பது தெரியும். தகட்டுக்கும் இதே விதி. எழுதி முடித்தபின் ‘வெரிஃபை’ என்னும் ஒப்பிடும் வேலையைச் செய்யச் சொல்லுங்கள். எழுதியதைக் கருவி திரும்பப் படித்து, மூலத்தோடு ஒன்றுவிடாமல் ஒப்பிடும். இதற்கும் எழுதிய நேரத்தை ஒட்டிய நேரம் ஆகும். வேகத்தை விரும்புவோர் முதலில் கைவிடுவது இதைத்தான்!

“தகடு நன்றாகத்தானே பாடுகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். பாடும். குறுந்தகட்டின் அமைப்பிலேயே பிழையைத் திருத்தும் கணித ஏற்பாடு உண்டு. ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் பழுதானாலும் இழந்ததை அது மீட்டுவிடும். பிற்காலத்தில் விழும் கீறலுக்கும் சாயத்தின் முதுமைக்கும் வைத்திருக்கும் கையிருப்பு அது. அவசரமாக எழுதிய தகட்டில் பிழைகள் மிகுந்து, அந்தக் கையிருப்பு எழுதிய அன்றே செலவாகிவிடுகிறது. பத்து ஆண்டு கழித்து ஒரு சிறு கீறல் விழும்போது கொடுப்பதற்கு எதுவும் மீதியிராது. கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு சூளையை விட்டு வந்த பாண்டத்தின் கதையும் இதுதானே!

அதற்காக ஆமை வேகத்தில் எழுதினால் மிகச் சிறந்தது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். விரைவாகச் சுடுவதற்கென்றே கலந்த சாயத்தை மிக மெதுவாகச் சுட்டாலும் குறிகள் சரியாக அமைவதில்லை. சூளையில் அளவுக்கு மேல் ஊறவிட்ட பாண்டமும் வளைந்துபோகும். தகட்டில் குறித்த உச்ச வேகத்தில் பாதியோ முக்காலோ வைத்து எழுதி, ஒப்பிட்டுப் பார்ப்பது நடுநிலையான வழி.

தகட்டை விட நல்ல வழி இல்லையா என்று கேட்பீர்கள். கல்லைப் போன்ற கனிமப் படலத்தில் எழுதும் எம்-டிஸ்க் என்னும் தகடுகள் உண்டு. சாயத்தைப் போல் அவை எளிதில் வெளுப்பதில்லை. ஆனால் அந்த டி.வி.டி.களில் எழுத வலுவான லேசர் வேண்டும், எல்லா எழுதிகளும் எழுதிவிடா. ஹார்டு டிஸ்க் இருக்கிறது. பென் டிரைவ் இருக்கிறது. அவையும் கெடும், தொலையும். ஒன்றையே நம்பாமல், ஒரு பிரதி தகட்டிலும் மற்றொன்று ஹார்டு டிஸ்கிலும் இன்னொன்று வெளியூரில் மணமுடித்துக் கொடுத்த மகளின் வீட்டிலுமாக வைத்தல் நலம். தகட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். நீரில் கரையும் மையால், நடுவிலுள்ள தெளிந்த வளையத்தில் ஆண்டையும் பெயரையும் எழுதுங்கள். வெயில் படாத இடத்தில், உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துப் படிக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றில் மட்டும் விரைவு வேண்டும். கேசட்டின் நாடா ஒட்டிக்கொள்வதற்கு முன், பூஞ்சை பிடிப்பதற்கு முன், அதை ஓட்டிக்காட்டும் டேப் ரிக்கார்டரின் ரப்பர்ப் பட்டை இளகிப்போவதற்கு முன், அக்குரலை மீட்டெடுத்துவிட வேண்டும். தகடுகளுக்கும் நெடுநாள் இல்லை. எழுதத் தக்க ப்ளூ-ரே தகடுகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. புதிய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் எழுதி இல்லாமலே வருகின்றன. ஆக, பரணில் இருக்கும் டின்னை இறக்குவதில் விரையுங்கள். தகட்டில் எழுதுவதில் நிதானியுங்கள்.

நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்கும்போது, அது எத்தனை மடங்கு வேகத்தில் எழுதப்பட்டது என்று யாரும் வினவப் போவதில்லை. “பாட்டனார் இப்படித்தான் பேசுவார்களா?” என்றுதான் கேட்பார்கள். ஒரு சொல்லும் விடுபடாமல் அவர்கள் காதில் விழச் செய்வது நம் கையில் இருக்கிறது.